உரை முடிந்தது, பட்ஜெட் வரவில்லை: புதுச்சேரி பேரவையின் 2022 ஆகஸ்ட் இடைவெளி

2022 ஆகஸ்ட் 10, புதன்கிழமை. புதுச்சேரி சட்டப்பேரவையின் பட்ஜெட் கூட்டத்தொடர் அன்று தொடங்கியது. துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் உரையாற்றினார். வழக்கப்படி அதற்கடுத்து வரவேண்டியது பட்ஜெட். ஆனால் பட்ஜெட்டுக்கு மத்திய அரசின் ஒப்புதல் வந்து சேரவில்லை. பேரவைத் தலைவர் ஆர்.செல்வம் தேதி குறிப்பிடாமல் அவையை ஒத்திவைத்தார். மீண்டும் அவை கூடியது ஆகஸ்ட் 22, திங்கட்கிழமை. அன்றுதான் முதல்வர் என்.ரங்கசாமி 10,696 கோடி ரூபாய்க்கான பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார்.

நடுவில் சுதந்திர தினம் வந்தது. மறுநாள் ஆகஸ்ட் 16, பிரெஞ்சுக்காரர்கள் 1962-இல் சட்டப்படி புதுச்சேரியை ஒப்படைத்த நாள், அதுவும் இங்கே விடுமுறை. ஆகவே வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்திருக்காது. பேரவைக்குப் பக்கத்திலுள்ள பாரதி பூங்காவைச் சுற்றிப் போட்ட தடுப்புக் கட்டைகளை எடுத்தார்கள், திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள்தானே, நாடாளுமன்றமே பட்ஜெட் தொடரின் நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவேளை விடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாடாளுமன்றம் விடுவது நாள்காட்டியில் முன்கூட்டியே அச்சடித்த இடைவேளை. புதுச்சேரியில் நடந்தது டெல்லியிலிருந்து ஒரு கோப்பு திரும்பி வருகிறவரை காத்திருப்பு. எந்தத் தேதியில் முடியும் என்று அவையை ஒத்திவைத்தவருக்கே தெரியாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்க, புதுச்சேரியைப் போல நல்ல உதாரணம் இந்தியாவில் வேறில்லை என்றே சொல்வேன்.

சாவி யாரிடம்?

புதுச்சேரி பேரவை மாநிலப் பேரவை இல்லை. அரசமைப்பின் 239-ஏ பிரிவின் கீழ், 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் (யூனியன் பிரதேசங்கள்) அரசுச் சட்டப்படி அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். மாநிலங்களுக்கு அரசமைப்பின் 174-ஆவது பிரிவு சொல்வதை இங்கே அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது: ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் கழிந்துவிடக் கூடாது. எத்தனை நாள் கூடவேண்டும், நடுவில் எத்தனை நாள் இடைவேளை விடலாம் என்பது பற்றி அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை.

அவையைக் கூட்டுவது துணைநிலை ஆளுநர். கூடிய பிறகு நாளைக்கோ, அடுத்த வாரத்துக்கோ, தேதி சொல்லாமலோ ஒத்திவைப்பது பேரவைத் தலைவர். கூட்டத்தொடரையே முடித்துவைப்பது மறுபடியும் துணைநிலை ஆளுநர். தேதி குறிப்பிடாத ஒத்திவைப்பு கதவைச் சும்மா சாத்திவைப்பது போல, முடித்துவைப்பது பூட்டுப் போடுவது போல. சாத்திய கதவைப் பேரவைத் தலைவரே தள்ளித் திறக்கலாம். பூட்டைத் திறக்க துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாசிலிருந்து புது அழைப்பு வரவேண்டும்.

செய்தித்தாளில் இரண்டையும் ஒரே மாதிரி "சட்டசபை முடிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். நடைமுறையில் வேறுபாடு பெரிது. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படாத வரை கேள்வி, தீர்மானம் போன்றவற்றுக்கு உறுப்பினர்கள் கொடுத்த அறிவிப்புகள் உயிரோடு இருக்கும், அவசரச் சட்டமும் போட முடியாது. 239-பி பிரிவு துணைநிலை ஆளுநருக்கு அவசரச் சட்ட அதிகாரம் தருகிறது, ஆனால் பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோதுதான், அதுவும் குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தலைப் பெற்ற பிறகுதான். முடித்துவைத்துவிட்டால் அறிவிப்புகளில் பெரும்பாலானவை காலாவதியாகும்.

2022-இல் செய்தது சாத்திவைத்தது மட்டும். கோப்பு வந்ததும் பேரவைத் தலைவரின் அறிவிப்பிலேயே அவை கூடிவிட்டது. புது அழைப்பு, புது உரை எதுவும் தேவைப்படவில்லை. அந்த அளவில் அது சரியான முடிவுதான். பட்ஜெட் கையில் இல்லாமல் எதற்குக் கூட்டினார்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஆறு மாதக் கெடுவும் நெருக்கவில்லை. முந்தைய அமர்வு மார்ச் 30, அப்படியானால் செப்டம்பர் இறுதி வரை நேரம் இருந்தது.

டெல்லி போய் வரும் கோப்பு

ஒன்றியப் பகுதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் நான்கே சொற்கள்தான் இந்தக் கதையின் அச்சாணி: குடியரசுத் தலைவரின் முன் அனுமதியோடு. அந்த அனுமதி இல்லாமல் ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவையில் வைக்க முடியாது. சென்னையில் நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. இங்கே நிதித்துறை மதிப்பீடு தயாரித்து, அமைச்சரவையும் துணைநிலை ஆளுநரும் பார்த்து, உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து நிதியமைச்சகம் சுற்றி, கோப்பு திரும்ப வரவேண்டும். மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிடும் நிதிக்குழுவின் வரம்புக்குள்ளும் புதுச்சேரி வராது. மத்திய உதவித்தொகை ஒன்றிய பட்ஜெட்டில் உள்துறை அமைச்சகத்தின் கணக்கில் தனி ஒதுக்கீடாக வருகிறது. அதாவது பிப்ரவரி 1-ஆம் தேதியே டெல்லி எவ்வளவு தரப்போகிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகும் ஆகஸ்ட் வரை இழுப்பதற்குச் சட்டத்தில் காரணம் எதுவும் கிடையாது.

மார்ச் 31-க்குள் முழு பட்ஜெட் நிறைவேறாவிட்டால் அரசு ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அதற்காகத்தான் இடைக்கால நிதி ஒதுக்கீடு. 2022 மார்ச் 30-ஆம் தேதி ஐந்து மாதச் செலவுக்காக 3,613 கோடிக்கு அனுமதி வாங்கினார்கள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு பணம் எடுக்கும் அதிகாரம் தீர்ந்துவிடும்.

இப்போது ஆகஸ்ட் 22-ஐப் பாருங்கள். அன்று பட்ஜெட் தாக்கல். மீதமிருந்தது ஒன்பது நாள். அதில் பட்ஜெட் மீதான பொது விவாதம், துறை துறையாக மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் தொகை), வாக்கெடுப்பு, நிதி ஒதுக்கீட்டு மசோதா, ஒப்புதல் எல்லாம் முடியவேண்டும். இடைவெளியில் போன பன்னிரண்டு நாளும் உண்மையில் விவாதத்தின் கணக்கிலிருந்துதான் கழிந்தது. மின்துறைக்கு எவ்வளவு, பொதுப்பணித் துறைக்கு எவ்வளவு, ஏன் என்று உறுப்பினர் எழுந்து கேட்கவேண்டிய நேரம் அது. வேகவேகமாக மானியக் கோரிக்கையை நிறைவேற்றும்போது நஷ்டம் எதிர்க்கட்சிக்கு மட்டும் என்று நினைப்பது தப்பு. ஆளுங்கட்சி எம்எல்ஏவுக்கும் தன் தொகுதி வாய்க்காலைப் பற்றிப் பேச அந்த நாட்கள்தான் இருக்கின்றன.

ஐந்து மாத இடைக்கால ஒதுக்கீட்டில் அரசு நடந்துகொண்டுதான் இருக்கும். சம்பளம் போகும், ஓய்வூதியம் போகும், ஏற்கெனவே எடுத்த வேலைக்குப் பில் போகும். நடக்காதது புது வேலை. புதுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப் பேரவை முழு பட்ஜெட்டில் சம்மதிக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பட்ஜெட் நிறைவேறினால் செப்டம்பரில் நிர்வாக ஒப்புதல், அதன் பிறகு டெண்டர், அதற்குள் அக்டோபர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கடலூர், புதுச்சேரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு நவம்பர், டிசம்பரில் எந்த வடிகால் வேலையும் சாலை வேலையும் ஓடாது என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஜனவரியில் வேலை தொடங்கி மார்ச்சில் கணக்கு முடிக்கவேண்டும். பன்னிரண்டு மாத பட்ஜெட்டில் புது வேலைக்கு உண்மையில் கிடைப்பது மூன்று மாதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிப் பகுதிக்கு 23 தொகுதி, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கும் ஏனாமுக்கும் தலா ஒன்று. மாஹே எம்எல்ஏ அரபிக்கடல் ஓரத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஏனாம் எம்எல்ஏ கோதாவரிக் கரையிலிருந்து எண்ணூறுக்கு மேல். முதல் நாளே அவையை மூடி "பிறகு சொல்கிறோம்" என்றால் உருளையன்பேட்டைக்காரர் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். மாஹேக்காரர் என்ன செய்வார்?

2018-உம் வேப்பமரமும்

2022-இல் டெல்லியிலும் புதுச்சேரியிலும் ஒத்துப்போகும் அரசுகள்தான் இருந்தன, அதனால் இடைவெளி சத்தமில்லாமல் கழிந்தது. அதற்கு முந்தைய இரண்டு நிகழ்வுகளில் அப்படி இல்லை.

2018 ஜூலை 2-ஆம் தேதி அப்போதைய முதல்வர் வி.நாராயணசாமி 7,530 கோடி பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். விவாதமெல்லாம் நடந்தது. நிதி ஒதுக்கீட்டு மசோதாவைப் பேரவையில் கொண்டுவரத் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை வேண்டும். அப்போது அந்தப் பதவியில் இருந்த கிரண் பேடி அதைத் தரவில்லை. மத்திய அரசு நியமித்த மூன்று உறுப்பினர்களை அவைக்குள் விடவேண்டும் என்பது பிரச்சினையின் வேர். ஜூலை 19-ஆம் தேதி நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாமலே அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அரசு ஊழியர் சம்பளம் என்ன ஆகும் என்று ஊரே பேசியது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மறுபடி அவை கூடியபோது நியமன உறுப்பினர்கள் உள்ளே வந்தார்கள், மசோதா நிறைவேறியது. அந்த நியமனம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே இடைவெளி இரண்டு தரப்புக்கும் ஓர் ஆயுதம். யார் முதலில் இறங்கிவருகிறார்கள் என்று பார்க்கிற நாட்கள்.

2020 இன்னும் விசித்திரம். மார்ச் இறுதியில் வாங்கிய இடைக்கால ஒதுக்கீடு மூன்று மாதத்துக்கு, ஜூன் 30-உடன் தீர்ந்தது. ஜூலை 20-ஆம் தேதி பட்ஜெட் கூட்டத்தொடர். துணைநிலை ஆளுநர் உரையாற்ற வரவில்லை, பட்ஜெட் விவரங்கள் தன் ஒப்புதலுக்கு முறையாக அனுப்பப்படவில்லை என்பது அவர் வாதம். உரையைத் தள்ளிவைத்துவிட்டு, நாராயணசாமி அன்றே 9,000 கோடி பட்ஜெட்டை வாசித்தார். பிறகு சமாதானமாகி, ஜூலை 24-ஆம் தேதி உரை நடந்தது. பட்ஜெட்டுக்கு முன்னால் வரவேண்டிய உரை நான்கு நாள் கழித்து வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. என்.ஆர்.காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. அவை மண்டபத்துக்குள் போக முடியாது. இடைக்கால ஒதுக்கீடு தீர்ந்து ஜூலையே முடியப்போகிறது, தள்ளிப்போடவும் முடியாது. பேரவை வளாகத்தில் இருந்த வேப்பமரத்தடியில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். உறுப்பினர்கள் முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பேரவைத் தலைவர் வி.பி.சிவக்கொழுந்து அங்கேயே அவையை நடத்தினார். நிதி ஒதுக்கீட்டு மசோதா மரத்தடியில் நிறைவேறி, அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கிராமப் பஞ்சாயத்து என்று கிண்டலும் வந்தது. எனக்கு அந்த மூன்று நிகழ்வுகளில் அதிகம் பிடித்தது அதுதான். அவை கூட வேண்டும் என்று நினைத்துவிட்டால் மண்டபம்கூடத் தேவையில்லை என்று காட்டிய ஒரே நாள்.

திட்டமிட்ட இடைவேளை எப்படி இருக்கும்

2025 பட்ஜெட் தொடரில் நாடாளுமன்றம் ஜனவரி 31-ஆம் தேதி கூடியது, பிப்ரவரி 13-ஆம் தேதி இடைவேளைக்குப் பிரிந்தது, மார்ச் 10-ஆம் தேதி திரும்பக் கூடி ஏப்ரல் 4 வரை நடந்தது. தேதிகள் முன்பே அறிவித்தவை. நடுவில் உள்ள நாட்களில் உறுப்பினர்கள் ஊருக்குப் போய்விடுவதில்லை, குறைந்தபட்சம் எல்லாரும் போய்விடுவதில்லை. 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன, இப்போது 24. அமைச்சக மானியக் கோரிக்கைகள் அந்தக் குழுக்களுக்குப் போகும், செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், அறிக்கை வரும். அவை மூடியிருக்கிறது, வேலை மூடவில்லை.

நமக்குப் பக்கத்தில் இதை ஒழுங்காகச் செய்வது கேரளம். 1980 முதலே அங்கே துறைவாரிக் குழுக்கள் உண்டு, இப்போது 14. பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் அவைக்கு இடைவேளை, குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராயும், பிறகு அவை வாக்களிக்கும். கடல் பக்கம் தவிர மாஹேவைச் சுற்றி எல்லாப் பக்கமும் இந்த முறை நடக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 19-ஆம் தேதி பட்ஜெட் தாக்கலானது, மானியக் கோரிக்கைகளுக்காக அவை கூடியது ஜூன் 20-ஆம் தேதி. நான்கு மாதம். மக்களவைத் தேர்தல் காரணம், எல்லாருக்கும் தெரிந்த காரணம். நீளம் அதிகம்தான், ஆனால் மர்மம் இல்லை.

வெளிநாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் புதுச்சேரியை அப்படியே தலைகீழாக வைத்தது போல இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் ஆண்டு தொடங்கும் முன்பே முழு நாள்காட்டியும் வெளியிடுகிறது. 2025-இல் வசந்தகால இடைவேளை ஏப்ரல் 10 முதல், திரும்பக் கூடுவது 21. கோடை இடைவேளை ஜூலை 18 முதல், திரும்பக் கூடுவது ஆகஸ்ட் 18. கோடை இடைவேளைக்கு எதிரே ஒரு நிபந்தனை அச்சடித்திருக்கும்: பட்ஜெட் மசோதா நிறைவேறியிருந்தால் மட்டுமே. பட்ஜெட்டை ஜூன் 15 நள்ளிரவுக்குள் நிறைவேற்றவேண்டும் என்பது அவர்களுடைய அரசமைப்பு. அங்கே பட்ஜெட்டை முடித்தவருக்கு விடுமுறை. இங்கே பட்ஜெட் வராததால் விடுமுறை.

சாத்திய கதவின் இன்னொரு ஆபத்து

கூட்டத்தொடரை முடித்துவைக்காமல் இழுத்துக்கொண்டே போவதிலும் சிக்கல் உண்டு. பஞ்சாபில் 2023 மார்ச்சில் பட்ஜெட் தொடர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது, முடித்துவைக்கவில்லை. ஜூன் 19, 20 தேதிகளில் பேரவைத் தலைவர் அவையைத் திரும்பக் கூட்டினார், மசோதாக்கள் நிறைவேறின. அது சட்டப்படியான அமர்வே இல்லை என்றார் ஆளுநர் பன்வாரிலால் புரோஹித், நமக்குச் சென்னை ராஜ்பவனிலிருந்து பழக்கமானவர். 2023 நவம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரவைத் தலைவர் பக்கம் நின்றது: ஒத்திவைத்த அவையைக் கூட்டுவது அவர் அதிகாரம், ஆளுநர் அதைச் சாக்காக வைத்து மசோதாவை நிறுத்த முடியாது. அதே வழக்கின் விசாரணையில், மார்ச்சில் ஒத்திவைத்து ஜூனில் கூட்டுவது அரசமைப்பு நினைத்த முறைதானா என்றும் நீதிபதிகள் கேட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு புதுச்சேரிக்கும் பயன்படும். 2018 போல, 2020 போல ராஜ்நிவாசும் முதல்வரும் முறைத்துக்கொள்ளும் ஆண்டு மறுபடி வந்தால், தேதி குறிப்பிடாத ஒத்திவைப்பு பேரவைத் தலைவரின் கையிலுள்ள பாதுகாப்பு. அதனால் அதை ஒழித்துவிடச் சொல்ல மாட்டேன். தேதி இல்லாமல் ஒத்திவைக்கும் வழக்கம் பட்ஜெட் கோப்புக்காகக் காத்திருக்கும் வழக்கமாக மாறிவிட்டதுதான் கேள்வி.

அது மாற்ற முடியாத விதியும் இல்லை. 2023-இல் மார்ச் 9-ஆம் தேதி உரை, 13-ஆம் தேதி 11,600 கோடி முழு பட்ஜெட், நீண்ட ஆண்டுகளுக்குப் பிறகு மார்ச்சிலேயே. 2024-இல் தேர்தல், ஆகவே பிப்ரவரி 22-ஆம் தேதி ஐந்து மாதத்துக்கு இடைக்கால ஒதுக்கீடு, ஜூலை 31-ஆம் தேதி உரை, ஆகஸ்ட் 2-ஆம் தேதி 12,700 கோடி பட்ஜெட். 2025-இல் மறுபடி மார்ச்: 10-ஆம் தேதி உரை, 12-ஆம் தேதி 13,600 கோடி. அதே சட்டம், அதே 27-ஆவது பிரிவு, அதே உள்துறை அமைச்சகம். கோப்பை முன்னதாக அனுப்பினால் முன்னதாக வருகிறது.

அப்படி மார்ச்சிலேயே பட்ஜெட் வந்துவிட்டால் வேலையுள்ள ஓர் இடைவேளைக்கும் இடம் கிடைக்கும். உரைக்கும் பட்ஜெட்டுக்கும் நடுவில் அது வேண்டாம், பட்ஜெட்டுக்கும் மானியக் கோரிக்கைக்கும் நடுவில் வேண்டும். கேரளத்தைப் போல 14 குழு போட இங்கே ஆள் இல்லை. மொத்தம் 33 பேர். முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் ஆறு, பேரவைத் தலைவர் ஒருவர், மீதி 26. மூன்று குழு போடலாம், குழுவுக்கு எட்டு ஒன்பது பேர். ஒன்று மின்சாரம், பொதுப்பணி, உள்ளாட்சிக்கு. ஒன்று கல்வி, சுகாதாரம், நலத்திட்டங்களுக்கு. ஒன்று மிச்சத்துக்கு. பத்து நாள் கொடுத்தால் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச முடியும். மார்ச் 12-ஆம் தேதி தாக்கலாகும் பட்ஜெட்டை இந்தப் பத்து நாளும் சேர்த்து 31-க்குள் முடிக்க முடியாது, கணக்கு இடிக்கும். அதற்கு ஏப்ரல் மாதத்துக்கு மட்டும் ஓர் இடைக்கால ஒதுக்கீடு வாங்கினால் போதும், ஐந்து மாதத்துக்கு வேண்டாம்.